300 எம்பிபிஎஸ் நெட் இருந்தும் கேமில் வாள் லேட்டாக விழுவது ஏன்? தாம்பரம் கேமர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ‘பிங்’ கணக்கு

கவசம் அணிந்த எதிரி வாளை ஓங்குகிறான். சரியான நேரத்தில் தடுப்பு பட்டனை அழுத்தியாச்சு. ஆனாலும் அடுத்த நொடி திரையில் விழுந்து கிடப்பது நம்ம வீரன்தான். ‘நெட் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எப்படி?’ தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் வீட்டில் இருந்தபடி ஆன்லைன் வாள் சண்டை கேம் ஆடுபவர்களுக்கு எழும் கேள்வி இது. இதற்கான பதில் நெட் ஸ்பீடில் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

என்ன கேம் இது?

இடைக்கால ஐரோப்பாவின் போர்க்களத்தை மையமாகக் கொண்ட மல்டிபிளேயர் கேம்களில் முக்கியமானது ‘சிவல்ரி 2’. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த டார்ன் பேனர் ஸ்டுடியோஸ் உருவாக்கிய இந்த கேம் 2021 ஜூன் 8-ம் தேதி வெளியானது. அகாதா, மேசன் என இரு படைகளாகப் பிரிந்து ஒரே களத்தில் 64 பேர் வரை மோதலாம். 2019-ல் வந்த ‘மோர்தாவ்’, 2017-ல் யுபிசாஃப்ட் வெளியிட்ட ‘ஃபார் ஹானர்’ ஆகியவையும் இதே ரகம்தான். வாளின் அலகைக் கையில் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தால் ஓங்கி அடிக்கும் பழைய ஜெர்மானிய உத்தியின் பெயர்தான் மோர்தாவ்.

துப்பாக்கி கேமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

துப்பாக்கி கேமில் பாய்ந்து வரும் தோட்டாவை யாரும் பட்டன் அழுத்தித் தடுப்பதில்லை. வாள் சண்டையிலோ தடுப்பதுதான் பாதி ஆட்டம். எதிரி ஓங்குவதைப் பார்க்க வேண்டும். அது நிஜ வீச்சா, ஏமாற்று வேலையா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் தடுக்க வேண்டும். சிலம்பம் சுற்றுபவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் சிலம்பத்தில் எதிராளியின் கம்பு கண் முன்னே இருக்கிறது. ஆன்லைனில் திரையில் தெரிவது, சில மில்லி நொடிகளுக்கு முன்பு நடந்து முடிந்த காட்சி.

ஒரு வாள் வீச்சு 500 மில்லி நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் பார்த்து விரலால் அழுத்த மனிதர்களுக்கு ஏறக்குறைய 250 மில்லி நொடி ஆகிவிடும். மிச்சம் 250. பிங் 40 என்றால் கையில் 210 இருக்கிறது, சமாளிக்கலாம். பிங் 180 என்றால் மிஞ்சுவது வெறும் 70. அடி விழுந்ததா இல்லையா என்று தீர்ப்பு சொல்வது சர்வர்தான். நம்ம தடுப்பு அங்கே போய்ச் சேருவதற்குள் வாள் இறங்கியிருக்கும்.

ஸ்பீடு அதிகம் இருந்தும் பிங் ஏன் குறையவில்லை?

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலை நினைத்துப் பாருங்கள். கூடுதல் பெட்டிகளை இணைத்தால் அதிகம் பேர் ஏறலாம். அதனால் ரயில் பீச் ஸ்டேஷனுக்கு சீக்கிரம் போய்விடாது. எம்பிபிஎஸ் என்பது பெட்டிகளின் எண்ணிக்கை. பிங் என்பது போய்த் திரும்பும் நேரம்.

கண்ணாடி இழை கேபிளில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அதாவது ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்த் திரும்ப 1 மில்லி நொடி. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ‘ஐ2ஐ’ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. எனவே அந்த வழியில் 32-க்குக் கீழே பிங் வர வாய்ப்பே இல்லை. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நேர்க்கோட்டில் 7,000 கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ள சர்வரில் நடைமுறையில் பிங் 100-ஐ எளிதாகத் தாண்டிவிடும்.

பக்கத்தில் சிறுசேரி சிப்காட்டிலேயே பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கேம் நிறுவனம் அங்கே சர்வர் வைத்தால்தான் பலன். மேலும், நெட் நிறுவனம் டேட்டாவை எந்த வழியாக அனுப்புகிறது என்பதைப் பொறுத்து, ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் இரண்டு விதமான பிங் வரலாம்.

‘ஃபார் ஹானர்’ வாங்கிய அடி

இந்தப் பிரச்னை நம்ம ஊருக்கு மட்டுமானதல்ல. ‘ஃபார் ஹானர்’ வெளியானபோது தனி சர்வர் இல்லாமல், ஆடுபவர்களின் கணினிகளே ஒன்றோடொன்று இணைந்தன. ஒருவரின் நெட் தடுமாறினால் எல்லோருக்கும் ஆட்டம் தடுமாறியது. புகார்கள் குவிந்த பிறகு, 2018-ல் யுபிசாஃப்ட் தனி சர்வர்களுக்கு மாறியது.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

* வைஃபையை விட லேன் கேபிள் நல்லது. முடியாவிட்டால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்தலாம்.
* சிவல்ரி 2, மோர்தாவ் இரண்டிலும் சர்வர் பட்டியலில் பிங் தெரியும். வழக்கமாக ஆடும் இரவு நேரத்திலேயே அதைப் பார்க்க வேண்டும்.
* குறைந்த பிங் உள்ள சர்வரில் ஆள் இருக்கிறார்களா என்பதும் முக்கியம். காலி சர்வரில் 30 பிங் இருந்து பயனில்லை.
* ஸ்டீமில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் அரை மணி நேரத்திலேயே பிங்கை சோதித்துவிட்டால் பணம் வீணாகாது.

சட்டப்படி தடை உள்ளதா?

இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்வது, பணம் கட்டி பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. காசு கொடுத்து கேமை வாங்குவது பந்தயம் ஆகாது. ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. தலை, கை துண்டாகும் காட்சிகள் உள்ள சிவல்ரி 2-க்கு ஐரோப்பிய தரமதிப்பீடு 18 வயது. அமெரிக்காவில் 17. பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டால், பிங்கைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.