மின்கலப் பொதி மீளமைத்தல்

மின்கலப் பொதி மீளமைத்தல் என்பது கம்பியில்லாத் துளைப்பான், திருகுமுடுக்கி, வாள் முதலிய மின்கருவிகளின் தேய்ந்துபோன மின்கலப் பொதியைத் திறந்து, அதனுள் இருக்கும் கலங்களை அகற்றிவிட்டுப் புதிய கலங்களைப் பொருத்தும் செயல்முறை ஆகும். இக்கருவிகளில் பெரும்பாலும் மோட்டார் பழுதடைவதற்கு முன்பே மின்கலப் பொதி செயலிழந்துவிடுகிறது. குறிப்பிட்ட பொதியின் உற்பத்தி நின்றுவிட்டால், நல்ல நிலையில் உள்ள கருவியும் பயனற்றுப் போகிறது. அத்தகைய கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்த இம்முறை உதவுகிறது.

வரலாறு

நிக்கல்-காட்மியம் மின்கலத்தை 1899 இல் சுவீடனைச் சேர்ந்த வால்டமார் யுங்னர் உருவாக்கினார். 1961 இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் இவ்வகைக் கலங்களால் இயங்கும் கம்பியில்லாத் துளைப்பானை அறிமுகப்படுத்தியது. பின்னர் நிக்கல்-உலோக ஐதரைடு கலங்களும் இக்கருவிகளில் இடம்பெற்றன. இலித்தியம் அயனி மின்கலத்தை 1991 இல் சோனி நிறுவனம் வணிக அளவில் வெளியிட்டது. 2005 இல் மில்வாக்கி நிறுவனம் 28 வோல்ட் இலித்தியம் அயனிக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் இயற்றிய மின்கல நெறிமுறை, கையடக்க மின்கலங்களில் காட்மியத்தைக் கட்டுப்படுத்தியது. கம்பியில்லா மின்கருவிகளுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2016 ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுற்றது. இதனால் பழைய நிக்கல்-காட்மியம் கருவிகளுக்கு உரிய புதிய பொதிகள் அரிதாயின.

அமைப்பு

பழைய பொதிகளில் பெரும்பாலும் 'சப்-சி' எனப்படும் உருளை வடிவக் கலங்கள் உள்ளன. இக்கலம் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் விட்டமும் 43 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நிக்கல் வகைக் கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 1.2 வோல்ட் ஆகும். கலங்கள் தொடரிணைப்பில் இருப்பதால், பொதியின் மின்னழுத்தத்தைக் கொண்டே அவற்றின் எண்ணிக்கையை அறியலாம்.

* 9.6 வோல்ட் - 8 கலங்கள்
* 12 வோல்ட் - 10 கலங்கள்
* 14.4 வோல்ட் - 12 கலங்கள்
* 18 வோல்ட் - 15 கலங்கள்

கலங்கள் மெல்லிய நிக்கல் பட்டைகளால் இணைக்கப்பட்டிருக்கும். பல பொதிகளில் வெப்பநிலையை உணரும் வெப்பத்தடையி அல்லது மிகை வெப்பத்தில் சுற்றைத் துண்டிக்கும் ஆளி ஒன்று கலங்களை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும்.

தேய்வின் காரணங்கள்

தொடரிணைப்பில் உள்ள கலங்கள் அனைத்தும் ஒரே சீராகத் தேய்வதில்லை. கொள்ளளவு குறைந்த கலம் மற்றவற்றுக்கு முன்பே வெறுமையாகிறது. அதன் பின்னும் கருவியை இயக்கினால், ஏனைய கலங்களின் மின்னோட்டம் அக்கலத்தின் ஊடாகப் பாய்ந்து அதன் முனைகளைத் தலைகீழாக்குகிறது. அப்போது உள்ளே வளிமம் உருவாகி, அழுத்தம் மிகும்போது அடைப்பிதழ் வழியே வெளியேறுகிறது. மின்பகுளி சிறிது சிறிதாக வற்றுகிறது.

நெடுநாள் பயன்படுத்தாத நிக்கல்-காட்மியம் கலங்களில் காட்மியப் படிகங்கள் இழைகளாக வளர்ந்து, மின்வாய்களைப் பிரிக்கும் தடுப்பைத் துளைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும். இத்தகைய கலம் சுழிய வோல்ட்டைக் காட்டும். மிகை மின்னோட்டத்தைக் கணநேரம் செலுத்தி அவ்விழைகளை எரிக்கும் வழக்கம் உண்டு. ஆயினும் தடுப்பில் விழுந்த துளை அப்படியே இருப்பதால் இப்பயன் நெடுநாள் நீடிப்பதில்லை.

பொதியின் தேய்வுக்கு 'நினைவு விளைவு' காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. இவ்விளைவு, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் மின்னிறக்கம் செய்யப்படும் கலங்களுக்கு உரியது. கைக்கருவிகளின் பயன்பாடு அவ்வாறு அமைவதில்லை. நினைவு விளைவைப் போக்குவதாக எண்ணிப் பொதியை முற்றிலும் வெறுமையாக்குவது, மேற்கூறிய முனை மாற்றத்துக்கே வழிவகுக்கும்.

மீளமைக்கும் முறை

முதலில் பொதியை முழுமையாக மின்னேற்றி, ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தமும் பல்மானியால் அளக்கப்படுகிறது. சுமை இல்லாதபோது நல்ல அளவைக் காட்டும் கலமும் சுமையில் வீழக்கூடும் என்பதால், சிறு சுமையுடன் அளப்பதே நம்பத்தக்கது. பழுதான ஓரிரு கலங்களை மட்டும் மாற்றினால், பழைய கலங்களுள் அடுத்து வலுவற்றது விரைவில் செயலிழக்கும். எனவே எல்லாக் கலங்களையும், ஒரே வகையும் கொள்ளளவும் கொண்ட புதியவற்றால் மாற்றுவதே சிறந்தது.

கலத்தின் உடலில் நேரடியாகப் பற்றாசு வைத்தால், வெப்பத்தால் அடைப்பும் உட்தடுப்பும் சேதமுறும். ஆலைகளில் புள்ளிப் பற்றவைப்பு முறை கையாளப்படுகிறது. இதில் மிகுந்த மின்னோட்டம் சில மில்லிநொடிகள் மட்டும் செலுத்தப்படுவதால், பட்டை ஒட்டிக்கொள்ளும், கலம் சூடேறாது. இக்கருவி இல்லாதோர் பட்டை ஒட்டிய கலங்களை வாங்கி, பட்டைகளை மட்டும் ஒன்றோடொன்று பற்றாசு செய்யலாம். கலைக்கும் முன் கலங்களின் அடுக்கு முறையையும் முனைகளின் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தடையியை முன்பிருந்தவாறே கலத்தைத் தொட்டிருக்கும்படி வைப்பது இன்றியமையாதது.

மின்னேற்றியின் பொருத்தம்

முழு மின்னேற்றம் அடையும்போது நிக்கல்-காட்மியம் கலத்தின் மின்னழுத்தம் உச்சத்தை எட்டிச் சற்றே இறங்கும். பல வேக மின்னேற்றிகள் இவ்விறக்கத்தைக் கண்டே மின்னோட்டத்தை நிறுத்துகின்றன. நிக்கல்-உலோக ஐதரைடில் இவ்விறக்கம் மிகச் சிறியது. ஆகவே பழைய மின்னேற்றி அதனை உணரத் தவறி, கலத்தை மிகையாக ஏற்றிவிடக்கூடும். தானாக நிற்காத எளிய மின்னேற்றிகளில், கொள்ளளவு கூடிய கலங்களுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். நிக்கல் வகை மின்னேற்றியை இலித்தியம் அயனிக் கலங்களுக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

இலித்தியம் அயனிப் பொதிகள்

18 வோல்ட் இலித்தியம் அயனிப் பொதியில் 3.6 வோல்ட் கலங்கள் ஐந்து தொடரிணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரை ஏற்றப்படுவதால் முழுப் பொதி 21 வோல்ட்டை எட்டும். பரவலான 18650 கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. மின்கருவிகளுக்கு உயர் மின்னோட்டம் தரவல்ல கலங்களே ஏற்றவை. மடிக்கணினிக் கலங்கள் பொதுவாகப் பொருந்துவதில்லை. பெயர்பெற்ற உற்பத்தியாளர்களின் 18650 கலங்கள் பெரும்பாலும் 3500 மில்லியாம்பியர்-மணி அல்லது அதற்குக் குறைந்த கொள்ளளவு கொண்டவை. 9900 என அச்சிடப்பட்டு மலிவாக விற்கப்படுபவை போலியானவை.

இப்பொதிகளில் உள்ள மின்னணுச் சுற்று, மிகை ஏற்றம், மிகை இறக்கம், வெப்பம் ஆகியவற்றைக் கண்காணிக்கிறது. கலங்களை மாற்றியபின் தன்னை நிலையாகப் பூட்டிக்கொள்ளும் சுற்றுகளும் உண்டு. மிக ஆழமாக மின்னிறங்கிய கலத்தின் உள்ளே செப்புத் தகடு கரைந்து குறுக்குச்சுற்று உண்டாகலாம். எனவே அத்தகைய கலங்களை மீண்டும் ஏற்றுவது தீ விபத்துக்கு இடமளிக்கும்.

பாதுகாப்பும் கழிவகற்றலும்

காட்மியம் நச்சுத்தன்மை உடையது. மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது. சப்பானின் தோயாமா பகுதியில் சுரங்கக் கழிவுக் காட்மியம் ஆற்றில் கலந்ததால் ஏற்பட்ட இத்தாய்-இத்தாய் நோயை, அந்நாட்டு அரசு 1968 இல் காட்மிய நஞ்சால் விளைந்ததாக ஏற்றது. ஆகவே பழைய கலங்களைக் குப்பையில் இடுவதோ எரிப்பதோ கூடாது. கசியும் பொட்டாசியம் ஐதராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால், வேலையின்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். அகற்றிய கலங்களின் முனைகளை நாடாவால் மூடி, மின்கலக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* நிக்கல்-காட்மியம் மின்கலம்
* இலித்தியம் அயனி மின்கலம்
* மின்னணுக் கழிவு