மீண்டும் வளர்ந்த கூந்தல்

தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டவர் கண்ணாடியின் முன் நின்று கவலைப்படுவதும், அருகிலிருப்பவர், "போகட்டும், தானே வளர்ந்துவிடும்" என்று தேற்றுவதும் உலக வழக்கம். அத்தேறுதல் பொய்யன்று. தலைமயிர் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. முற்றிலும் மழித்தாலும் வேர் தோலுக்கடியில் உயிருடன் இருக்கிறது. கூந்தல் தோள்வரை இறங்க இரண்டு மூன்று ஆண்டுகளும், இடைவரை இறங்க ஐந்தாறு ஆண்டுகளும் ஆகலாம். இயற்கை கேட்பது காலம் ஒன்றையே. அந்தக் காலத்தைக் கொடுக்க மறுத்த ஒரு வழக்கமும் நம் நாட்டில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாராஷ்டிரத்து அந்தணக் குடும்பங்களில், கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்துவிடுவார்கள். ஒரு நாளோடு முடிந்துவிடும் சடங்கன்று அது. மயிர் துளிர்க்குந்தோறும் நாவிதர் மீண்டும் அழைக்கப்படுவார். அப்பெண்ணின் ஆயுள் முழுவதும் அது தொடரும். 1856-ஆம் ஆண்டுச் சட்டம் விதவையின் மறுமணத்திற்கு வழி திறந்தது. ஆயினும், மழித்தலைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. சட்டம் நுழையாத வீட்டுக் கூடத்தில் வழக்கமே அரசு செலுத்தியது.

அந்த அரசை எதிர்த்தவர்களுள் கத்தியைக் கையிலே பிடித்தவர்களும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. 1890-இல் பம்பாய் நாவிதர்கள் கூடி, விதவையரின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவு செய்தனர். தொழிலாளர் தலைவர் நாராயண மேகாஜி லோகண்டே அவர்களுக்குத் துணை நின்றார். கூலிக்காகச் செய்யும் தொழிலிலும் செய்யத் தகாதது ஒன்று உண்டு என்று எளிய மனிதர்கள் உரைத்த அச்செய்தி, அறிஞர் பலரின் சொற்பொழிவுகளுக்குச் சற்றும் குறைந்ததன்று.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1889-இல், பண்டித ரமாபாய் பம்பாயில் சாரதா சதனம் என்னும் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அங்கே சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய். 1893-இல் அவரைப் பேராசிரியர் தோண்டோ கேசவ கார்வே மணந்துகொண்டார். அதற்காகக் கொங்கணத்திலுள்ள முருட் என்னும் ஊரில் கார்வேயை விலக்கி வைத்தனர். அவர் தளரவில்லை. 1896-இல் புனாவில் விதவையர்க்கு ஓர் இல்லம் அமைத்தார். பின்னர் அது ஹிங்கணே கிராமத்திற்கு மாறியது.

கோதுபாயின் தங்கை பார்வதிபாய் அதவலேயும் இளமையிலேயே கணவனை இழந்தவர். இல்லத்தின் பணியில் ஈடுபட்டு, ஊர் ஊராகச் சென்று அதற்குப் பொருள் திரட்டினார். ஆசாரம் மிக்கவர்களிடமும் அவர் கையேந்த வேண்டியிருந்தது. நெடுங்காலம் மழித்த தலையுடனேயே பணிபுரிந்தார். இளமை கடந்த பின்னரே, கூந்தலை வளரவிடுவது என்று துணிந்தார். 1928-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு இவ்வழக்கத்தின் கொடுமையை எடுத்துரைக்கின்றது.

இதில் என்ன துணிவு வேண்டியிருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். மறுமணம் ஒரு நாளில் நிகழ்ந்துவிடும். கூந்தலோ மெல்ல மெல்ல வளர்வது. முதல் மாதத்தில் ஒரு விரல் அகலமும் இராது. ஆறு மாதமாகியும் பின்னுவதற்கு எட்டாது. அத்தனை நாளும் அந்தக் குட்டை மயிரே அவள் செய்த முடிவைக் காண்பவர்க்கெல்லாம் உணர்த்திக்கொண்டிருக்கும். முந்தானை தலையிலிருந்து நழுவும்போதெல்லாம், அவள் தன் முடிவைப் புதிதாக உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

1958-இல், நூறாம் வயதில், கார்வே பாரத ரத்னா விருது பெற்றார். அப்பெருமையில், வெளியே பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் பொறுமைக்கும் பங்குண்டு. தலைமயிர் தானே வளரும். அதை வளரவிடும் உரிமை தானே வளரவில்லை.