கடிவாளமும் கனிவும்

நால்வகைப் படையுள் ஒன்றாகக் குதிரையை வைத்தெண்ணியது தமிழ் மரபு. அதன் நடையை ஐங்கதி என வகுத்ததும், அது பயிலும் களத்திற்குச் செண்டுவெளி என்றும் வையாளி வீதி என்றும் பெயரிட்டதும் அம்மரபே. குதிரையைப் போரின் துணையாகக் கண்ட நாடுகள் உலகில் பலவுண்டு. போர்க்களத்தில் அதற்கு வேலை அற்றுப்போன பின்னரும், அதற்கு நடை பயிற்றுவதையே ஒரு கலையாகப் போற்றி, நூல்வழியும் கைவழியும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த நிலம் ஐரோப்பா. 'டிரெஸாஜ்' என்பது அக்கலையின் பெயர். பயிற்றுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது.

குதிரையின் இயல்பான நடைகளை ஐரோப்பியர் மூன்றாகக் கொள்வர். மெல்லச் செல்லும் நடையில் குளம்பொலி நான்கு. ஒரு முன்காலும் அதற்கு மூலைவாட்டில் உள்ள பின்காலும் ஒருசேர எழுந்து விழும் 'ட்ராட்' நடையில் ஒலி இரண்டு. தாவிச் செல்லும் 'கேன்டர்' நடையில் மூன்று. முதுகில் ஆள் ஏறிய பின்னும் இத்தாளக்கட்டு குலையாது காப்பதே பயிற்சியின் முதற்படி. அதன் உச்சியில் நிற்பவை அரிய அசைவுகள். ட்ராட் நடையின் தாளத்தை நின்ற இடத்திலேயே மிதிப்பது 'பியாஃப்'. ஒவ்வோர் அடிக்கும் இடையே காற்றில் ஒரு கணம் தங்கி இறங்குவது போன்ற தோற்றம் தருவது 'பஸாஜ்'. உடற்பாரத்தைப் பின்கால்களில் ஏற்றி, அவற்றை ஆழ மடக்கி, முன்கால்களை உயர்த்தி அசையாது நிற்பது 'லெவாட்'. இவை மனிதன் புதிதாய்ப் படைத்தவை அல்ல. கிளர்ச்சியுற்ற ஆண்குதிரை புல்வெளியில் தானே காட்டும் எழில்களே இவை. அந்த எழிலை, முதுகில் ஒருவன் அமர்ந்திருக்கும்போதும் அது இழக்காதிருக்கச் செய்வது எவ்வாறு என்பதுதான் கேள்வி. அடித்துப் பெறலாமா, உணர்த்திப் பெறவேண்டுமா என்னும் வழக்கு இக்கேள்வியினின்றும் எழுந்தது. அவ்வழக்கே இக்கலையின் வரலாறு.

ஏதென்ஸ் நகரத்து வீரன்

இவ்வழக்கில் முதற்குரல் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கேட்கிறது. சாக்ரட்டீசின் மாணாக்கரும், பாரசீகத்தின் உள்நாட்டிலிருந்து பதினாயிரம் கிரேக்க வீரர்களை மீட்டுக் கொணர்ந்த தலைவர்களுள் ஒருவருமான ஜெனஃபன், குதிரையேற்றம் பற்றித் தனிநூல் எழுதினார். கிரேக்கர் அக்காலத்தில் அங்கவடியை அறியார். இன்றுள்ளது போன்ற சேணமும் அவர்களிடம் இல்லை. துடைகளின் பிடியாலும் உடலின் சமநிலையாலுமே அவர்கள் குதிரை ஊர்ந்தனர். போரில் உயிர் பிழைப்பது குதிரையின் பணிவைப் பொறுத்திருந்த காலம் அது. அத்தகைய காலத்தில் வாழ்ந்த படைவீரர் ஒருவர், சினத்துடன் குதிரையை அணுகலாகாது என்று விதித்தது வியப்பிற்குரியது.

குதிரை ஒரு பொருளைக் கண்டு மருளுமாயின் அதனை அடித்தல் கூடாது என்பது அவர் கருத்து. அடிபட்ட நோவையும் அப்பொருளையும் குதிரை ஒன்றாக இணைத்துக் கொள்ளும். அச்சம் இரட்டிக்கும். ஆகவே அப்பொருளில் அஞ்சத் தக்கது ஏதுமில்லை என்பதை அருகே சென்று காட்டவேண்டும் என்கிறார். தமக்கு முன்னோரான சைமன் என்பாரின் கருத்தையும் அவர் எடுத்தாள்கிறார். வலிந்து செய்விக்கப்பட்டதைக் குதிரை அறிந்து செய்வதில்லை. கூத்தாடுபவனைச் சாட்டையால் அடித்து ஆடச் செய்தால் அந்த ஆட்டத்தில் அழகு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவே அதிலும் இருக்கும் என்பது அதன் சாரம். இங்கு அறத்தோடு மற்றொன்றும் பேசப்படுகிறது. வன்முறை பணிவைத் தரக்கூடும், அழகைத் தரமாட்டாது என்பதே அது. பிற்கால ஆசான்கள் மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்த இடமும் இதுவே.

நேப்பிள்ஸும் பாரிஸும்

ஜெனஃபனின் சொல் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. மறுமலர்ச்சிக் காலத்தில் கிரேக்க நூல்கள் அச்சேறியபோது அதுவும் வெளிப்பட்டது. எனினும் ஒரு நூல் கைக்குக் கிட்டுவது வேறு, அதன் உள்ளம் பிடிபடுவது வேறு. 1550ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்துப் பெருமகன் ஃபெடெரிகோ கிரிசோனே தம் குதிரையேற்ற நூலை வெளியிட்டார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பெயர்க்கப்பெற்ற அந்நூல், குதிரை நல்லது செய்தால் தட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அதே நூல், முரண்டு செய்யும் குதிரைக்குக் கூறும் மருந்துகள் நெஞ்சைப் பதைக்கச் செய்வன. கழியில் பூனையைக் கட்டி அதன் நகங்கள் குதிரையின் உடலைக் கீறுமாறு பின்னிருந்து நீட்டுவது ஒன்று. வாலடியில் முள்ளெலியைக் கட்டுவது மற்றொன்று. வாயைப் புண்ணாக்கும் இரும்புக் கடிவாளங்களுக்கும் அக்காலத்தில் பஞ்சமில்லை.

அதே நேப்பிள்ஸில் பிஞ்ஞாத்தெல்லி என்னும் ஆசானிடம் பயின்று திரும்பிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் த புளுவினெல், வேறொரு வழியைத் தேர்ந்தார். 1594ஆம் ஆண்டில் பாரிஸில் அவர் நிறுவிய பயிற்சிக் கழகத்தில் குதிரையேற்றத்தோடு நடனமும் கணிதமும் பிற கலைகளும் கற்பிக்கப்பட்டன. பின்னாளில் பிரான்சின் முதலமைச்சராகிய ரிஷெலியூவும் அங்குப் பயின்றவரே. பதின்மூன்றாம் லூயி மன்னருக்குக் குதிரையேற்றம் கற்பித்தவர் புளுவினெல். மன்னர் வினவ ஆசான் விடையிறுக்கும் முறையில் அமைந்த அவருடைய நூல், 1620இல் அவர் மறைந்த பின்னர், 1623இல் ஓவியங்களுடன் வெளிவந்தது.

ஒவ்வொரு குதிரைக்கும் தனித்த மனம் உண்டு என்பதும், உடலைக் களைப்பிப்பதினும் அறிவைப் பழக்குதல் மேல் என்பதும் புளுவினெல் கொண்ட கொள்கைகள். தண்டனையில் கஞ்சனாகவும் தட்டிக் கொடுப்பதில் வள்ளலாகவும் இருத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இளங்குதிரையின் கவின், கனியின்மேல் படிந்திருக்கும் மென்பூச்சு போன்றது. ஒருமுறை துடைக்கப்பட்டால் மீண்டு வாராது என்ற உவமை அவருடையது. மன்னர்க்குக் கூறிய அறிவுரை அது. எதிர்த்துப் பேச இயலாத உயிர்களின்மேல் அதிகாரம் செலுத்தப் போகும் சிறுவன் ஒருவனுக்கு, குதிரையைக் காட்டி அரசநீதி உரைக்கப்பட்டது என்றே அதனைக் கொள்ளலாம்.

தோளை உள்வாங்கும் பாடம்

கனிவு வேண்டும் என்று சொல்வது எளிது. கனிவுக்கு ஒரு முறைமை வகுத்தல் அரிது. அதனைச் செய்தவர் ஃபிரான்சுவா ரொபிஷோன் த லா கெரினியேர். பாரிஸ் துய்லரி அரண்மனையின் குதிரைப் பள்ளிக்கு 1730 முதல் தலைமை தாங்கிய அவர், தம் பெருநூலின் முழுப்பதிப்பை 1733இல் வெளியிட்டார். பழம் ஆசான்களின் இருண்ட நடையை விடுத்து, தெளிந்த உரைநடையில் படிப்படியாக எழுதப்பட்ட நூல் அது.

அவர் பெயரை நிலைநிறுத்திய பாடம், குதிரையின் தோளை உள்வாங்குதல். சுவரோரமாகச் செல்லும் குதிரையின் முன்னுடலைச் சிறிதே அரங்கின் உட்புறம் கொணர்ந்து, ஊர்பவரின் உட்புறக் காலைச் சூழ அதன் உடல் மெல்ல வளையுமாறு நடத்துவர். அப்போது உட்புற முன்கால் வெளிப்புறக் காலைக் கடந்து எட்டு வைக்கும். உட்புறப் பின்கால் உடலின் அடியில் ஊன்றிப் பாரத்தைத் தாங்கப் பழகும். விறைத்த தோள் நெகிழும். பின்கால் மூட்டுகள் வலுப்பெறும். வாயில் இரும்பை இழுத்தும், விலாவில் முள்ளைக் குத்தியும் பெற முயன்ற வளைவு, உடலின் அமைப்பை அறிந்து தந்த ஒரு பாடத்தால் தானே வந்தது. தண்டனை தேவைப்பட்ட இடமெல்லாம் பெரும்பாலும் குதிரைக்கு இயலாமையோ விளங்காமையோ இருந்த இடம் என்பதை இப்பாடம் மெய்ப்பித்தது.

அன்றாடம் குதிரை ஊர்பவர் இம்மரபிலிருந்து கொள்ளத் தக்கன பல. தொடக்கத்தில் கடிவாளத்தை நெகிழ விட்டுக் குதிரையைச் சிறிது நேரம் நடக்கவிட்டுத் தசைகளைச் சூடேற்றுதல் வேண்டும். வலமும் இடமும் மாறிமாறிப் பயிற்றுதல் வேண்டும். மனிதரைப் போலவே குதிரைக்கும் ஒருபுறம் வாட்டமும் மறுபுறம் விறைப்பும் உண்டு. வேண்டியது கிட்டிய அக்கணமே கைப்பிடியைத் தளர்த்துதல் வேண்டும். காலந்தாழ்ந்து வரும் பாராட்டு எதற்கு என்பதைக் குதிரை அறியாது. பாடம் சிறிதாக இருத்தல் நன்று. குதிரை நன்கறிந்த ஒன்றை அது செவ்வனே செய்து முடிக்கும் இடத்தில் அன்றைய பயிற்சியை நிறுத்துதல் அதனினும் நன்று. பிழை நேருமாயின், குதிரையை நோகுமுன் தன் அமர்வு நேராக இருந்ததா, சேணம் அழுத்தாமல் பொருந்தியிருந்ததா என்று பார்த்தல் ஊர்பவரின் கடமை.

வெண்குதிரைகளின் கூடம்

பிரான்சில் முடியாட்சியோடு அரண்மனைப் பள்ளிகளும் மறைந்தன. லா கெரினியேரின் நெறி தஞ்சம் புகுந்த இடம் வியன்னா. அங்குள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி 1572ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே குறிக்கப்படுவது. ஆறாம் சார்லஸ் பேரரசர் காலத்தில், 1729க்கும் 1735க்கும் இடையே, இளைய ஃபிஷர் ஃபொன் எர்லாக் அதற்கு வெண்ணிறக் கூடம் ஒன்று எழுப்பினார். இன்றும் அக்கூடத்தினுள் நுழையும் ஊர்பவர், எதிரேயுள்ள அப்பேரரசரின் ஓவியத்திற்குத் தொப்பி கழற்றி வணக்கம் செலுத்துவர். அங்குப் பயிலும் லிப்பிசானர் குதிரைகள் பிறக்கும்போது கருநிறமாயிருந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல வெண்மை பெறுபவை. புதிதாய்ச் சேரும் இளைஞர் நீண்ட கயிற்றின் முனையில் சுற்றிவரும் குதிரையின்மேல், அங்கவடியும் கடிவாளமும் இன்றி அமர்ந்து பழகுவர். கையால் பற்றிக்கொண்டு குதிரையின் வாயை நோகச் செய்யாதிருக்க, முதலில் கையின்றி அமரக் கற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். பயிற்சி முற்றிய குதிரை பின்பு இளைஞனுக்கு ஆசானாகும். தேர்ந்த ஊர்பவர் இளங்குதிரைக்கு ஆசானாவார்.

இம்மரபு ஒருகால் அறுந்துபோகும் நிலையும் வந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பள்ளியின் தலைவர் அலாய்ஸ் பொட்ஹாஸ்கி, குண்டுவீச்சுக்கு உள்ளான வியன்னாவிலிருந்து ஆண்குதிரைகளை வெளியேற்றி, மேல் ஆஸ்திரியாவின் சங்க்ட் மார்ட்டினில் சேர்த்தார். 1936 ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் போட்டியில் வெண்கலம் பெற்றவர் அவர். 1945 மே 7ஆம் நாள், அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் முன்னிலையில் குதிரைகள் தம் கலையை நிகழ்த்தின. முடிவில் பொட்ஹாஸ்கி தளபதியின் முன் வந்து பள்ளிக்கு அடைக்கலம் வேண்டினார். அடைக்கலம் கிட்டியது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஹொஸ்டாவில் இருந்த பெட்டைக் குதிரைகளும் அமெரிக்கப் படையினரால் மீட்கப்பட்டன. 1955இல் பள்ளி வியன்னா திரும்பியது. 2015இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

ஹெல்சிங்கியில் ஒரு பெண்

வியன்னாவில் கலையாக நின்ற டிரெஸாஜ், ஒலிம்பிக்கில் 1912 முதல் போட்டியும் ஆயிற்று. நெடுங்காலம் அது படை அதிகாரிகளுக்கே உரியதாக இருந்தது. 1948இல் தங்கம் வென்ற சுவீடன் அணியில் ஒருவர் அதிகாரி நிலையில் இல்லாதவர் என்று கண்டு, மறு ஆண்டில் அப்பதக்கத்தைப் பறித்த அளவுக்கு அவ்விதி கடுமையானது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குடிமக்களுக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது.

அக்கதவின் வழியே நுழைந்தவர் டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல். 1944இல் கருவுற்றிருந்த காலத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கி, முழங்காலுக்குக் கீழ் இரு கால்களும் செயலிழந்தவர் அவர். பிறர் துணையின்றிக் குதிரைமேல் ஏறவோ இறங்கவோ அவரால் இயலாது. காலால் ஏவுவதே குதிரைக்கு முதன்மையான குறிப்பு என்று நூல்கள் கூறும் கலையில், அவர் உடலின் பாரத்தாலும் இடுப்பின் நுண்ணசைவாலும் தம் பெட்டைக்குதிரை ஜூபிலியுடன் பேசினார். வெள்ளிப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1956இல் மீண்டும் வெள்ளி வென்றார். வலிமையே இக்கலையின் அடிப்படை என்று கருதியோர்க்கு அதனினும் தெளிவான மறுமொழி வேறில்லை.

முடியாத வழக்கு

ஆயினும் வழக்கு முடியவில்லை. பரிசும் பொருளும் பெருகப் பெருக, குறுக்கு வழிகளும் பெருகின. குதிரையின் கழுத்தை வலிந்து மார்போடு மடக்கிப் பயிற்றும் முறை கண்டனத்திற்கு உள்ளாகி, 2010இல் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அத்தகைய வன்முறையை ஏற்கத் தகாதது என அறிவித்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குமுன், பதக்கங்கள் பல வென்ற வீராங்கனை ஒருவர் பயிற்சியின்போது குதிரையைத் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த காட்சி வெளிப்பட்டு, அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. ஜெனஃபன் எழுதி இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் சென்ற பின்னும், அரங்கில் கனிவாகத் தோன்றுவது கொட்டிலில் எவ்வாறு பெறப்பட்டது என்னும் ஐயம் தீரவில்லை. இந்தியாவுக்கும் இது அயல்வழக்கு அன்று. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டிகளில் இந்திய அணி டிரெஸாஜில் தங்கம் வென்றது. இக்கலையைக் கைக்கொண்ட நாடு, அதன் வழக்கையும் கைக்கொண்டதாகும்.

இவ்வழக்கில் குதிரை வாய்திறந்து சான்று கூறாது. அதன் பொருட்டு லா கெரினியேர் ஒரு சோதனையை விட்டுச் சென்றார். குதிரை எழிலுறத் திரண்டு நடக்கும்போது, ஊர்பவர் தம் கையைத் தாழ்த்திக் கடிவாளத்தைத் தளர்த்தவேண்டும். அழகு இழுப்பினால் வந்ததாயின், அக்கணமே குதிரை நெட்டி நீண்டு ஓடும், அல்லது தளர்ந்து விழும். அறிந்து இசைந்ததாயின், தலை அசையாது, தாளம் பிறழாது, முன்போலவே நடக்கும். தளர்ந்த கடிவாளத்தோடு செல்லும் அந்தச் சில அடிகளே குதிரையின் வாக்குமூலம்.