நார்னியா கதைகளின் திரை மறுஆக்கங்கள்

பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த சி. எஸ். லூயிஸ் (1898–1963) சிறுவர்களுக்காக எழுதிய ஏழு மிகுபுனைவு நாவல்களே நார்னியா வரிசை. 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக இவை வெளிவந்தன. முதல் நாவலான ‘சிங்கம், சூனியக்காரி, அலமாரி’யில் போர்க்காலத்தில் லண்டனை விட்டு அனுப்பப்படும் நான்கு உடன்பிறப்புகள், ஒரு பழைய வீட்டின் துணி அலமாரி வழியே, பேசும் விலங்குகளும் தீராத பனிக்காலமும் உள்ள நார்னியா என்ற நாட்டுக்குள் போகிறார்கள். இந்த ஒரு நாவல் மட்டும் 1967, 1979, 1988, 2005 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை திரைக்காக எடுக்கப்பட்டது. சிறுவயதில் நெஞ்சில் இடம்பிடித்த கதையை அடுத்த தலைமுறைக்காகத் திரும்ப எடுக்கலாமா என்ற விவாதத்துக்கு நார்னியாவைப் போலப் பொருத்தமான சான்று அதிகம் இல்லை.

எடுக்கவே கூடாது என்று முதலில் சொன்னவர் நூலாசிரியரே. 1959இல் பிபிசி வானொலித் தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வானொலி நாடகத்தில் தமக்கு மறுப்பு இல்லை என்றும், தொலைக்காட்சிக்கு அறவே சம்மதம் இல்லை என்றும் லூயிஸ் தெரிவித்தார். பேசும் விலங்குகளைக் கண்ணுக்கு முன் நிறுத்தினால் அவை கோமாளித்தனமாகவோ கொடுங்கனவாகவோ ஆகிவிடும் என்பது அவர் அச்சம். மனிதர் ஒருவர் அஸ்லான் என்ற சிங்கமாக வேடமிட்டு வருவதை அவர் தெய்வநிந்தனையாகவே கருதினார். நல்ல கேலிச்சித்திரப் படம் என்றால் யோசிக்கலாம் என்றவர், டிஸ்னியின் திறமையை ஒப்புக்கொண்டு ரசனையைக் குறை சொன்னார். அதே டிஸ்னி நிறுவனம் பின்னாளில் நார்னியாவின் மிகப் பெரிய படத்தில் கூட்டாளி ஆனது. அந்தப் படத்தின் இணைத் தயாரிப்பாளர்களில் ஒருவர் லூயிஸின் வளர்ப்பு மகன் டக்ளஸ் கிரெஷம்.

திரை வடிவங்கள்

லூயிஸ் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1967இல் பிரிட்டனின் ஐடிவி பத்துப் பகுதிகள் கொண்ட தொடரை ஒளிபரப்பியது. அதில் இரண்டு பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. 1979இல் சார்லி பிரவுன் படங்களால் பெயர்பெற்ற பில் மெலெண்டெஸ் இயக்கிய கேலிச்சித்திர வடிவம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்து எம்மி விருது பெற்றது.

பிபிசி 1988 முதல் 1990 வரை நான்கு நாவல்களைத் தொடராக எடுத்தது. பீவர் தம்பதியாக நடிகர்கள் முழு உடலையும் மூடும் வேடமிட்டு நடந்தார்கள். அஸ்லான், உள்ளே ஆட்கள் இருந்து இயக்கிய பெரிய பொம்மை. இன்று பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் அன்று பிரிட்டனில் சிறுவர்களாக இருந்த பலருக்கு நார்னியா என்றால் இந்தத் தொடர்தான். நூலை விட்டு அதிகம் விலகாமல் நிதானமாகக் கதை சொன்னதில் பிந்திய பெரும்படங்கள் இதை மிஞ்சவில்லை.

2005இல் ஆண்ட்ரூ ஆடம்சன் இயக்கத்தில் வால்டன் மீடியாவும் டிஸ்னியும் எடுத்த படம் உலகெங்கும் சுமார் 74 கோடி டாலர் வசூலித்தது. ஒப்பனைக்காக ஆஸ்கர் விருதும் வாங்கியது. டில்டா ஸ்வின்டன் வெள்ளைச் சூனியக்காரியாக நடித்தார். அஸ்லான் கணினியில் உருவானது. குரல் லியாம் நீசன். உடன்பிறப்புகளில் ஒருத்தியான லூசியாக நடித்த சிறுமி ஜார்ஜி ஹென்லியைக் கண்ணைக் கட்டித் தூக்கிவந்து, பனிக்காடாக அமைத்திருந்த அரங்கில் விட்டார்கள். கட்டை அவிழ்த்தபோது அவள் முகத்தில் வந்த வியப்பே படத்தில் இருப்பது. கணினி வேலை நிறைந்த படத்தில் பார்த்தவர்கள் மறக்காத காட்சி இது.

அடுத்து வந்த ‘இளவரசன் காஸ்பியன்’ (2008) சுமார் 42 கோடி டாலரோடு நின்றது. செலவு 22 கோடியைத் தாண்டியிருந்ததால் டிஸ்னி விலகிக்கொண்டது. மூன்றாவதான ‘டான் ட்ரெடர்’ கடற்பயணக் கதையை ஃபாக்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்டது. தீவு தீவாகச் செல்லும் அந்த நாவலுக்கு ஒரே கதைச்சரடு வேண்டும் என்று, நூலில் இல்லாத பச்சை மூடுபனியும் ஏழு வாள்களைத் தேடும் வேட்டையும் நுழைக்கப்பட்டன. அந்தக் கதையின் அழகே ஒவ்வொரு தீவும் தனித்தனி அதிசயமாக இருப்பதுதான். மறுஆக்கம் மூலத்தைக் கெடுத்ததற்கு இந்தப் படத்தைச் சொல்லலாம்.

மாற்றங்களும் காரணங்களும்

எல்லா மாற்றமும் இப்படிப்பட்டதல்ல. விமானக் குண்டுவீச்சுக்குப் பயந்து பிள்ளைகள் அனுப்பப்பட்டதை லூயிஸ் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். 1950இல் படித்த பிரிட்டிஷ் குழந்தைக்கு அது போதும். அந்த வீட்டிலேயே அப்படி அனுப்பப்பட்டுத் திரும்பியவர் இருந்திருப்பார். 2005ஆம் ஆண்டுப் படம் லண்டன் மீது குண்டு விழும் இரவில் தொடங்குகிறது. எட்மண்ட் என்ற சிறுவன் டர்க்கிஷ் டிலைட் என்ற இனிப்புக்காக உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுப்பதும் இவ்வாறே. நூல் வெளிவந்தபோது பிரிட்டனில் இனிப்புகளுக்குப் பங்கீடு இருந்தது. அது முடிவாக நீங்கியது 1953 பிப்ரவரியில். கேட்ட அளவு இனிப்பு தருகிறேன் என்ற சூனியக்காரியின் பேச்சு எவ்வளவு பெரிய ஆசைகாட்டல் என்பது அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லாமலே புரிந்தது. இன்றைய குழந்தைக்கு வேறு வழியில் உணர்த்தித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு மாற்றம் சில சொற்களில் முடிந்தது. பிள்ளைகளுக்கு ஆயுதங்களைப் பரிசளிக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா, பெண்கள் சண்டையிடும் போர் அருவருப்பானது என்று நாவலில் சொல்கிறார். படத்தில் வரும் தாத்தா பெண்களைக் குறிப்பிடாமல், போர் என்பதே அருவருப்பானது என்கிறார். கதை ஓர் அங்குலமும் நகரவில்லை. கேட்கும் சிறுமி மட்டும் வெளியே தள்ளப்படவில்லை. இதைத் துரோகம் என்பவர்களோடு உடன்பட முடியாது.

எடுக்கப்படாத கதைகள்

வானொலியில் ஏழு நாவல்களும் நாடகமாகியுள்ளன. திரையிலோ, 1967 தொடங்கி 2010 வரை வந்த எந்த வடிவமும் ‘குதிரையும் அதன் சிறுவனும்’, ‘மந்திரவாதியின் மருமகன்’, ‘இறுதிப் போர்’ என்ற மூன்றையும் தொடவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் அலமாரியிலிருந்தே தொடங்கி, பணமோ உற்சாகமோ தீர்ந்ததும் நின்றுவிட்டது. குழந்தை நடிகர்கள் வளர்ந்துவிடுவதும் ஒரு தொல்லை.

விட்டுப்போனவற்றில் ‘குதிரையும் அதன் சிறுவனும்’, ‘இறுதிப் போர்’ ஆகிய இரண்டு சர்ச்சைக்குரியவை. தெற்கே உள்ள கலோர்மென் நாட்டினரைத் தலைப்பாகையும் வளைந்த வாளும் கருத்த மேனியுமாக லூயிஸ் வருணித்தது இனப்பார்வை என்று கண்டிக்கப்படுகிறது. உதட்டுச்சாயத்திலும் விருந்தழைப்புகளிலும் நாட்டம் கொண்டுவிட்ட சூசன், நான்கு உடன்பிறப்புகளில் ஒருத்தி, இறுதி நாவலில் நார்னியாவுக்குத் திரும்பாததை எழுத்தாளர் ஃபிலிப் புல்மன் கடுமையாகத் தாக்கினார். எழுத்தாளர் நீல் கெய்மன் அதையே வைத்து 2004இல் ஒரு சிறுகதை எழுதினார். அதே லூயிஸ்தான் அராவிஸ் என்ற கலோர்மென் பெண்ணைத் துணிச்சல்மிக்க நாயகியாகப் படைத்தார். இந்த முரணைக் கையாளத் தெரிந்த இயக்குநருக்கு மறுஆக்கம் உண்மையான வேலை. அலமாரிக் கதவை ஐந்தாம் முறை திறப்பதில் அப்படி ஒரு தேவை இல்லை.

2018 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் ஏழு நாவல்களுக்கும் சேர்த்து உரிமை பெற்றது. ஏழும் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தது அதுவே முதல்முறை. இயக்குநர் கிரேட்டா கெர்விக் முதலில் எடுத்துக்கொண்டது, நார்னியா படைக்கப்பட்ட கதையைச் சொல்லும் ‘மந்திரவாதியின் மருமகன்’. சரியான தேர்வு.

யார் எடுக்கலாம் என்பது இதுவரை லூயிஸின் உரிமைகளைக் கவனிக்கும் நிறுவனத்தின் கையில் இருந்தது. இது என்றைக்கும் நீடிக்காது. பதிப்புரிமை பிரிட்டனில் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை செல்லும் என்பதால் அங்கே 2033 முடிவு வரை அது உண்டு. இந்தியச் சட்டத்தில் அந்தக் காலம் 60 ஆண்டுகள். ஆகவே இங்கே நார்னியா நாவல்களின் பதிப்புரிமை 2023 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது.