பெரிய ரயர் பூட்டினால் அச்சு தாங்குமா? படுவான்கரைப் பாதைகளில் வாகனம் ஓட்டுவோருக்கு

மட்டக்களப்பு வாவி மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருவது இலகுவானது. அதற்கு முன் அங்கு வாகனங்களும் 'பாதை' எனப்படும் படகிலேயே வாவியைக் கடந்தன. ஆனால் பாலம் கடந்து, தார் வீதியும் முடிந்த பிறகு, வட்டைக்குப் போகும் மண்பாதை அப்படியேதான் இருக்கிறது. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பகுதிகளின் உட்பாதைகள் பலவற்றில் உயரமான வாகனம் மட்டுமே போகும். 2011 ஜனவரியிலும் 2014 டிசம்பரிலும் வந்த வெள்ளங்களில் பல கிராமங்களுக்கு உழவு இயந்திரமும் படகுமே போக்குவரத்தாக இருந்தன.

இதனால் பழைய ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் பெரிய ரயர் பூட்டும் வழக்கம் வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வழி இருக்கவில்லை. பெரிய ரயர் பூட்டினால் அச்சையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்வி அப்படித்தான் எழுகிறது. ரயரின் அளவை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பாரம், பாதை, ஓட்டும் முறை மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

அச்சுக்கு வரும் மூன்று சுமைகள்

முதலாவது, முறுக்கு விசை. டிபரன்சியலில் இருந்து சில்லுக்குப் போகும் தண்டை எஞ்சின் ஒரு பக்கம் திருக, நிலத்தைப் பற்றிய ரயர் மறுபக்கம் தடுக்கிறது. ரயரின் ஆரை கூடினால் இந்த முறுக்கும் அதே விகிதத்தில் கூடும். நீளமான பிடியுள்ள ஸ்பானரால் நட்டைத் திருகுவது போன்றது இது.

இரண்டாவது, வளைக்கும் விசை. சில்லு வெளியே தள்ளி நின்றால் பெயாரிங்கையும் அச்சையும் அது வளைக்கப் பார்க்கும். அகலமான ரயர் உள்ளே உரசாமல் இருக்க இடைத்தகடு போட்டுச் சில்லை வெளியே எடுப்பவர்கள் இந்தச் சுமையைத்தான் கூட்டுகிறார்கள்.

மூன்றாவது, அதிர்ச்சி. பெரிய ரயர் பாரமானது. சுழன்றுகொண்டிருக்கும் பாரமான ரயர் சட்டென்று நின்றால் அதன் வேகம் முழுவதையும் தண்டு ஒரு கணத்தில் தாங்க வேண்டியிருக்கும்.

கணக்கில் பார்த்தால்

205/80 ஆர் 16 அளவு ரயரின் விட்டம் ஏறத்தாழ 734 மில்லிமீற்றர். அதே றிம்மில் 265/75 ஆர் 16 பூட்டினால் விட்டம் 804 மில்லிமீற்றர். கூடுதல் சுமார் 9.5 சதவீதம். வாகனம் உயர்வது இதில் பாதி, அதாவது 35 மில்லிமீற்றர் மட்டுமே.

பின்சில்லு ஒன்றில் 600 கிலோ பாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல பிடிப்புள்ள கற்பாதையில் (உராய்வுக் குணகம் 0.8) பழைய ரயரோடு அந்தப் பக்கத் தண்டுக்கு வரக்கூடிய முறுக்கு அதிகபட்சம் 1,730 நியூற்றன் மீற்றர் அளவில் இருக்கும். பெரிய ரயரோடு அது 1,890 ஆகும். அதே பெரிய ரயர் வழுக்கும் சேற்றில் (0.35) நின்றால் முறுக்கு 830 மட்டுமே. அதற்குமேல் ரயர் வழுக்கிவிடும்.

இனி ரயரை மாற்றாமல், பின் அச்சுக்கு மேல் 600 கிலோ நெல் மூட்டையை ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பின்சில்லிலும் 300 கிலோ கூடுகிறது. கற்பாதையில் முறுக்கு 2,590 வரை போகலாம். ரயர் மாற்றம் கூட்டியது பத்து சதவீதத்துக்கும் குறைவு, பாரம் கூட்டியதோ ஐம்பது சதவீதம். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது தண்டு தன் எல்லையை நெருங்குகிறது.

சேறு முறிப்பதில்லை, சேற்றின் விளிம்பு முறிக்கிறது

அச்சுத்தண்டு முறிந்ததும் "சேற்றில் புதைந்து முறிந்தது" என்று சொல்வது வழக்கம். மேலே உள்ள கணக்கு வேறு கதை சொல்கிறது. சேற்றுக்குள் ரயர் வழுக்கும்வரை தண்டுக்குப் பெரிய ஆபத்து இல்லை. சாரதி பொறுமை இழந்து அக்சிலறேற்றரை மிதிக்கிறார், சில்லு வேகமாகச் சுழல்கிறது, அந்த நிலையில் ஒரு கல்லையோ மதகின் விளிம்பையோ காய்ந்த வரம்பையோ பிடிக்கிறது. தண்டு முறிவது அந்தக் கணத்தில்தான். முன்சில்லுகளும் இழுக்கும் வாகனத்தில், ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பியபடி றிவேர்ஸில் பலமாக மிதித்தால் முன் அச்சின் மூட்டு இதே விதமாக உடையும்.

ஆகவே லோ கியரில் மெதுவாக, ஒரே சீராக ஏறிப் போகிறவருக்கு 9 சதவீதம் பெரிய ரயரும் தாங்கும். மிதித்துக் குதிக்கவிடுகிறவருக்குக் கொம்பனி ரயரும் தாங்காது.

எந்த வகை அச்சு உங்களிடம் இருக்கிறது?

பின் அச்சுகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்றில் அச்சுத்தண்டே சில்லைத் திருப்புகிறது, பாரத்தையும் சுமக்கிறது. ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் இருப்பது இது. இந்த வகையில் தண்டு முறிந்தால், முறியும் இடத்தைப் பொறுத்து, சில்லே தண்டோடு கழன்று வெளியே வரலாம். பின்னால் ஆட்களை ஏற்றியிருந்தால் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

மற்றதில் பாரத்தைக் குழாய் போன்ற வெளி உறையும் அதன்மேல் உள்ள பெயாரிங்குகளும் சுமக்கின்றன. தண்டின் வேலை திருப்புவது மட்டுமே. லொறிகளிலும், பழைய லாண்ட் ரோவரிலும், தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்து நாம் பழகிப்போன லாண்ட் குறூசர் 70 வரிசையின் பலவற்றிலும் இந்த வகையே உண்டு. தண்டு முறிந்தாலும் சில்லு இடத்திலேயே நிற்கும். சில்லின் நடுவில் குமிழ் போல ஹப் வெளியே துருத்தி, அதைச் சுற்றி வட்டமாகப் போல்ட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகை.

உழவு இயந்திரமும் 'பவல்' கவச வாகனமும்

பெரிய சில்லோடு உழவு இயந்திரம் எப்படித் தாங்குகிறது என்று கேட்கலாம். அது தொடக்கத்திலேயே அந்தச் சில்லுக்காக வடிவமைக்கப்பட்டது. அச்சு தடிப்பானது, வேகம் குறைவு. பல வகைகளில் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கடைசிப் பற்சில்லு அச்சின் முனையில், சில்லுக்கு அருகிலேயே இருக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் தண்டுக்கு முறுக்குக் குறைவு.

போர்க்காலத்தில் நம் வீதிகளில் ஓடிய 'பவல்' கவச வாகனத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தென்னாபிரிக்காவில் உருவான அந்த வாகனம் ஜேர்மனியின் யூனிமொக் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. யூனிமொக்கிலும் இதே முறைதான். சில்லின் ஹப்பில் தனிப் பற்சில்லுப் பெட்டி இருப்பதால் அச்சு சில்லின் மையத்தை விட உயரத்தில் நிற்கும், தண்டுக்கு வரும் முறுக்கும் குறையும். பெரிய ரயருக்கென்றே செய்த வாகனம் இப்படித்தான் இருக்கும். சாதாரண ஜீப்பில் ரயரை மட்டும் மாற்றி அந்தப் பலத்தைப் பெற முடியாது.

அப்படியானால் எப்போது அச்சை மாற்ற வேண்டும்?

விட்டம் ஐந்து சதவீதத்துக்குள் கூடினால் நல்ல நிலையில் உள்ள அச்சுக்குப் பொதுவாக எந்த மாற்றமும் தேவையில்லை. பத்து சதவீதம் வரை கூடினால் அச்சைவிட டிபரன்சியலின் பல் விகிதமும் பிரேக்குமே முதலில் கவனிக்க வேண்டியவை. 4.1 விகிதத்தில் ஓடிய வாகனம் முன்போலவே இழுக்க ஏறத்தாழ 4.5 விகிதம் வேண்டும். மாற்றாவிட்டால் கிளட்ச் தேயும். பிரேக் பிடிப்பும் அதே அளவு குறையும். மீற்றர் 60 காட்டும்போது வாகனம் உண்மையில் 65, 66இல் போய்க்கொண்டிருக்கும். பதினைந்து சதவீதத்துக்கு மேல் போய், பாரமும் ஏற்றி, டிபரன்சியல் லொக்கும் போட்டு ஓடுவதானால் பலமான அச்சு கட்டாயம். லொக் போட்டால் முறுக்கு முழுவதும் பிடிப்புள்ள ஒரே தண்டுக்குப் போகக்கூடும்.

தண்டைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான உறுப்பு உடையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தண்டு முறிந்தால் தண்டுதான் செலவு. அதற்குப் பதிலாக டிபரன்சியலின் பற்சில்லு உடைந்தால் செலவு பல மடங்கு.

செலவுக்கு முன் செய்யக்கூடியவை

வாவிக்கரை மணலிலும் ஆற்று மணலிலும் ரயரின் காற்றை 35 இறாத்தலில் இருந்து 20 அளவுக்கு இறக்கினால், அது நிலத்தைத் தொடும் பரப்புக் கூடி வாகனம் மிதந்து போகும். பல நேரங்களில் பெரிய ரயரின் தேவையே இல்லாமல் போகும். மெதுவாக ஓட வேண்டும். தார் வீதிக்கு ஏறியதும், பாரம் ஏற்றும் முன்பும், காற்றைத் திரும்ப நிரப்ப வேண்டும்.

வெள்ளத்தில் இறங்கி ஏறிய வாகனத்தின் டிபரன்சியல் எண்ணெயைப் பார்க்காமல் விடக்கூடாது. சூடான டிபரன்சியல் குளிர்ந்த நீருக்குள் போகும்போது உள்ளே உள்ள காற்றுச் சுருங்கி, சீல் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் நீரை உறிஞ்சும். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் உடனே மாற்ற வேண்டும். வாவியின் உவர்நீர் புகுந்தால் பெயாரிங் விரைவில் துருப்பிடித்துவிடும். மூச்சுக்குழாயில் ஒரு ரியூப்பைப் பொருத்தி உயரத்தில் கட்டுவது மலிவான பாதுகாப்பு.

சில்லில் எண்ணெய்க் கசிவு, திருப்பும்போது 'டக்டக்' ஒலி, ஜக்கில் உயர்த்திச் சில்லை ஆட்டினால் ஆட்டம் ஆகியவை தெரிந்தால் ரயர் வாங்கும் பணத்தை முதலில் பெயாரிங்குக்குச் செலவிடுங்கள். யானை நடமாடும் வட்டைப் பாதையில் இரவு நேரத்தில் சில்லுக் கழன்று நிற்பதும், வெள்ளத்தில் நோயாளியை ஏற்றிவரும்போது அச்சு முறிவதும் இங்கு உயிரோடு சம்பந்தப்பட்ட விடயங்கள். அளவான ரயர், அளவான பாரம், நல்ல பெயாரிங், பொறுமையான கால் என்ற நான்கும் இருந்தால் பெரும்பாலானோருக்குப் புதிய அச்சு தேவைப்படாது.