'என்றார் பிறரும்': யார் அந்தப் பிறர்?

ராயகிரியில் பள்ளிப் பிள்ளைகளின் செயல்திட்ட நோட்டுகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஊர் வரலாறு, நாட்டுப்புறப் பாடல், விடுதலைப் போராட்ட வீரர் என்று தலைப்புகள் மாறும். கடைசிப் பக்கத்து வரி மட்டும் மாறுவதில்லை: 'ஆதாரம்: கூகுள்.' தமிழாசிரியர்கள் தலையிலடித்துக்கொள்கிறார்கள். ஆனால் முகவரியில்லாத மேற்கோள் கைபேசி கொண்டுவந்த நோயல்ல. நம் உரை மரபுக்குள்ளேயே அதற்கு வேர் உண்டு.

1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையோடு தான் பட்ட பாட்டை 'என் சரித்திர'த்தில் சொல்கிறார். உரைகாரர் எங்கிருந்தோ ஓரடியை எடுத்துக்காட்டுவார். 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார். எந்த நூல், யார் பாடியது, ஒன்றும் இருக்காது. எட்டுத்தொகை ஏடுகள் கைக்கு வந்தபிறகுதான் அந்த அடிகளில் பலவற்றுக்கு ஊர் பேர் தெரிந்தது.

உரைகாரரைக் குறை சொல்வதற்கில்லை. பாடங்கேட்ட ஒரு சிறு வட்டத்துக்காக அவர் எழுதினார். அடியைச் சொன்னாலே நூல் நினைவுக்கு வரும் வட்டம் அது. வெளியே நின்றவனுக்கோ அந்த மேற்கோள் பூட்டிய கதவு. காலப்போக்கில் வட்டம் கலைந்தபோது உள்ளே இருந்தவர்களின் வாரிசுகளுக்கே சாவி தொலைந்துபோயிற்று.

பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சா. நெல்லைப் பக்கம் அலைந்தார். ஆழ்வார்திருநகரியில் லக்ஷ்மண கவிராயர் வழியாக ஏடு கிடைத்தது. 1889இல் நூல் அச்சாயிற்று. ஏடு தந்தவர்களின் பெயரையும் ஊரையும் முகவுரையில் எழுதிவைப்பது அவர் வழக்கம். இதை நன்றிக்கடன் என்று மட்டும் வாசிக்கிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று தெரிந்தால் பதிப்பாசிரியரோடு சண்டைபோட முடியும். சான்று காட்டுகிறவர் தன்னை மறுப்பதற்கான வழியையும் சேர்த்தே வாசகனிடம் கொடுத்துவிடுகிறார்.

பள்ளிப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: நெற்கட்டும்செவல் புலித்தேவன். 1755இல் கர்னல் ஹெரானை எதிர்த்தவர். ராயகிரிக்குப் பக்கத்து வாசுதேவநல்லூரில்தான் அவருடைய கோட்டைகளில் ஒன்று இருந்தது. 1760 இறுதியில் யூசுப்கான் அதைத் தாக்கித் தோற்றார், 1761இல் பிடித்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன் இதை ஒரு கையேட்டிலிருந்து எழுதுகிறான். கையேடு இன்னொரு நூலிலிருந்து எடுத்திருக்கும். பின்னாலேயே போனால் 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றுக்கு வந்து சேருவோம். கால்டுவெல்லோ ராபர்ட் ஆர்மிடமிருந்து எடுக்கிறார். ஆர்ம் கம்பெனிக்காரர், அவருடைய நூலின் முதல் தொகுதி 1763இலும் அடுத்தது 1778இலும் லண்டனில் வந்தன. 1758இலேயே இந்தியாவைவிட்டுக் கிளம்பிவிட்டவர் அவர். ஆக, வாசுதேவநல்லூர்ச் சண்டையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. பிறர் எழுதியனுப்பியதை வைத்து எழுதினார்.

பையன் 'ஆர்ம்' என்று எழுதலாமா? கூடாது. அவன் பார்த்தது கையேடு. 'ஆர்ம் சொன்னதாகக் கால்டுவெல் சொல்வதை இந்தக் கையேடு சொல்கிறது' என்று எழுதினால் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நீளத்துக்குள்தான் வரலாறு இருக்கிறது: எதிரியின் எழுத்து எத்தனை கை மாறி நம் பெருமிதமாயிற்று என்பது அப்போது தெரிந்துவிடும்.

சரி, வெள்ளைக்காரன் ஏட்டில் இல்லாதவர்களை என்ன செய்வது? புலித்தேவன் படைத்தளபதியாக ஒண்டிவீரனை அருந்ததியர் மக்களின் வாய்மொழி நினைவு காத்துவந்திருக்கிறது. 2022இல் அவருக்கு அஞ்சல்தலையும் வந்தது. அச்சிட்டதே ஆதாரம் என்று அடம்பிடித்தால் இத்தகையவர்கள் வரலாற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மறுபுறம், ஒவ்வொரு சாதிக்கும் வீரப்பரம்பரைத் துண்டுநூல்கள் குவிகின்றன. 'பெரியவங்க சொன்னது' என்ற ஒரு வரியை முட்டுக்கொடுத்துப் பக்கத்துத் தெருக்காரனின் முன்னோரை அழித்துவிட அவற்றால் முடிகிறது. வாய்மொழிக்கும் முகவரி வேண்டும் என்பது இதனால்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "எங்க ஆச்சி சொன்னத எப்படி சார் போட?"

நா.வானமாமலை இதற்கு 1964இலேயே பதில் எழுதிவிட்டார். 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில் பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் வட்டார வழக்குக்கான பொருளும் இருக்கும். சில பாடல்களுக்கு உதவியவர் பெயரும் உண்டு. சிவகிரி வட்டாரப் பாடல்களும் அதில் இருக்கின்றன, சேகரித்தவர் எஸ்.எம்.கார்க்கி. ராயகிரியின் பக்கத்தூர் ஓர் ஆய்வுநூலில் சான்றாக அச்சேறியிருப்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லூரிக்கு வெளியே நெல்லை ஆய்வுக்குழுவை நடத்தி, கட்டுரை படிக்கவைத்து, எல்லாரையும் விமர்சிக்கவிட்டு, 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழில் வெளியிட்டவர் அவர். சான்று கேட்பது அங்கே அவமரியாதையாக இருக்கவில்லை.

அந்தத் தொகுப்பையும் விமர்சிக்க வேண்டும். சேகரித்தவர் பெயர் வரும் அளவுக்குப் பாடியவர் பெயர் வருவதில்லை. நடவு வயலில் பாடிய பெண் 'பிறர்' ஆகிவிடுகிறாள். அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "ஆச்சி பேரை முதல்ல எழுது. வயசு, ஊர், என்ன வேலை பார்த்தாங்க, என்னைக்குச் சொன்னாங்க, யாரு எழுதினது, எல்லாம் எழுது. பேரு போடலாமான்னு ஆச்சிட்டயே கேட்டுக்கோ."

நூலென்றால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம். மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்த்தவர். இணையமென்றால் எந்தப் பக்கம், எழுதியது யார், என்று பார்த்தது. கூகுள் ஆதாரமல்ல, நூலகத்தின் வாசற்கதவு ஆதாரமாகாததுபோல. இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் சொல்கிறது. சில சமயம் இல்லாத நூலுக்கும் பக்க எண் தருகிறது. அது சொன்ன நூலை எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபிறகே குறிப்பில் சேர்க்கலாம்.

பாடநூலில் 'அறிவை விரிவு செய்' என்று நூற்பட்டியல் போடுகிறார்கள். அந்த நூல்களில் இரண்டாவது ஊர் நூலகத்தில் கிடைக்கிறதா என்று விசாரிப்பது நம்மைப்போன்ற எழுத்தாளர்கள், அமைப்புக்காரர்கள் செய்யக்கூடிய வேலை. கூட்டம் போடுகிற ஊரில் ஒரு மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே ஒரு சான்றைப் பின்தொடர்ந்து காட்டலாம். 'இது எங்கே இருக்கு?' என்று கேட்கப் பழகிய பிள்ளை அதே கேள்வியைச் சாதிச் சங்கத்தின் மேடையிலும் கேட்கும், நம் கட்டுரைகளிடமும் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படியாக நாமும் எழுதியிருக்க வேண்டும்.