சீவுளியும் சலூனும்

லாச்சப்பலில் இருந்து பேசுகிறேன். கீழே கடைத்தெரு, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் சவர்க்காரம் குழைத்து, பிரஷால் கன்னத்தில் நுரை பூசி, பழைய ரேசரால் ஆறுதலாக வழித்தேன். அந்தச் சுகத்தில் தொடங்கியதுதான் இன்றைய பேச்சு.

இந்த ரேசரின் பாட்டன் பாரிஸ்காரன். 1760களில் ழான்-ழாக் பெரே என்ற கத்தி செய்பவர், தச்சரின் சீவுளியைப் பார்த்து, சவரக்கத்திக்கு ஒரு மர உறை போட்டார். விளிம்பு மட்டும் வெளியே நிற்கும், ஆழமாக வெட்டாது. 1769இல் தனக்குத்தானே சவரம் செய்யும் கலை பற்றி ஒரு நூலும் எழுதினார். இன்னொன்று: 1743 வரை இங்கே சவரக்காரரும் அறுவை வைத்தியரும் ஒரே சங்கம். அந்த ஆண்டு பதினைந்தாம் லூயி பிரித்துவிட்டார். நாவிதரைப் பரியாரி என்று அழைத்த ஊரில் பிறந்த நமக்கு இதில் வியப்பில்லை.

பிறகு அமெரிக்காவில் ஜில்லெட் வந்தார். 1903இல் விற்றது 51 ரேசர். அடுத்த ஆண்டு தொண்ணூறாயிரத்துக்கு மேல்.

இங்கே பெரே விற்றது வசதியை. யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அங்கே கத்தி யாருடைய தாடையைத் தொடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. நாவிதர் வெள்ளாளர் வீட்டு முற்றத்துக்குப் போக வேண்டும். பள்ளருக்கும் நளவருக்கும் வழிக்கக் கூடாது. மறுக்கப்பட்டவனும் மறுக்க வைக்கப்பட்டவனும் ஒரே பஞ்சமர் பட்டியலில் இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. முற்றத்தில் குந்தியிருந்து வழித்த தொழில், நகரத்தில் கதிரையும் கண்ணாடியும் விலைப்பட்டியலும் வைத்த சலூனானது. கூலி நெல்லாக அல்ல, காசாக வந்தது. ரேசரைவிடப் பெரிய மாற்றம் அந்தக் கதிரை என்பேன்.

அப்படி ஒரு சலூன்தான் டொமினிக் ஜீவாவின் ஜோசப் சலூன். பள்ளியில் சாதி சொல்லி அவமதிக்கப்பட்டு, இளவயதிலேயே படிப்பை விட்டவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்கு சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கியபோது அந்தச் சலூன்தான் அதன் அலுவலகம். ஒருபக்கம் சவரம், மறுபக்கம் புரூஃப். எழுத வந்தவர்கள் எல்லாரும் அந்த வாசலை மிதித்தே உள்ளே போக வேண்டியிருந்தது. சிலருக்கு அது கசந்திருக்கும்.

போன மாதம் இங்கே ஒரு சலூனில் என் முறைக்குக் காத்திருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி எந்த ஊர்?" சொன்னேன். "ஊரிலை எந்தப் பக்கம்?" கத்தி பிடித்திருந்த பொடியன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான். நான் பதில் சொல்லவில்லை.

சரி, கேள்விகள் வந்திருக்கின்றன. பார்ப்போம்.